அடிக்கப்பட்ட ஏழு புத்தகங்கள்

தேர்வாய் கண்டிகையில் எங்கள் தொழிற்சாலையின் மகளிர் தின விழாவுக்கு விருந்தினராக வந்த பஞ்சாபி எழுத்தாளர் அவர். வெளுத்த பருத்திச் சல்வார், நரைத்த ஒற்றைப் பின்னல், மடியில் ஒரு தடித்த நோட்டு. அதில் முன்பக்கத்திலிருந்து பஞ்சாபியும், திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து ஆங்கிலமும் எழுதுவார். இரண்டும் நடுவில் சந்தித்தால்தான் புது நோட்டு வாங்குவாராம்.

வரவேற்புரை என் பொறுப்பு. பஞ்சாபியில் ஏழு புத்தகம், ஆங்கிலத்தில் இரண்டு என்று அவரிடமே கேட்டு எழுதியிருந்தேன். எங்கள் அதிகாரி பஞ்சாபி வரியைப் பேனாவால் அடித்தார்.

"இங்க எவன் பஞ்சாபி படிச்சிக்கினு கீறான்? இங்கிலீஷ் ரைட்டர்னு சொல்லும்மா, அதான் கெத்து."

ஒரு மனுஷி வாழ்நாளெல்லாம் எழுதியதை அழிக்க அவருக்கு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் திருத்தியபடியே மைக்கில் வாசித்தேன்.

விழா முடிந்ததும் அந்த அம்மாவிடம் போனேன்.

"சாரு பஞ்சாபி வரிய அடிச்சிட்டாரு மேடம். நான் இன்னா பண்றது?"

கும்மிடிப்பூண்டியில் பல வருடம் குடியிருந்து பழகிய தமிழில் அவர் சொன்னார்: "அந்த ரெண்டு இங்கிலீஷ் புக்கும் இந்த ஏழுலேர்ந்து வந்ததுதாம்மா." பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்: "நாளைக்கு நீ தமிழ்ல எழுதினா, அது புக் இல்லயா?"

போன பொங்கல் விழாவில், தமிழ்தான் என் உயிர் என்று அதே மைக்கில் தொண்டை கிழியக் கத்தியவர் எங்கள் அதிகாரி. முதல் வரிசையில் உட்கார்ந்து நான் கை வேறு தட்டியிருந்தேன்.