ஹூனை

நீலசந்திராவில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஒரே தமிழ்க் கதைப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். லேசில் வாய் திறக்காத மேரி, "புலி" என்பதை "ஹுலி" என்று படித்துவிட்டாள். கன்னடத்தில் புலிக்கு அதுதான் பெயர். வகுப்பே சிரித்தது. அவள் புத்தகத்தை மூடப் போனாள்.

எனக்கு எங்கள் ஒக்கலிபுரம் வீடு ஞாபகம் வந்துவிட்டது. ரயில் போனால் அலமாரிப் பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கும். ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா, டீயை சாசரில் ஊற்றி உறிஞ்சியபடி என்னைப் படிக்கச் சொல்வார். ஒருநாள் "பால்" என்பதை "ஹாலு" என்றேன்.

"ஏய், இங்க வந்து பாரு! உன் பொண்ணு புக்கையே கன்னடமாக்கிட்டா!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு மூவரும் போட்டி போட்டு மாற்றினோம். பல் ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து. அடுத்த படம் பூனை. "ஹூனை!" என்று கத்தினேன். கன்னடத்தில் பூனைக்கு பெக்கு என்று பெயர். அப்பாவுக்குப் புரையேறி டீ மூக்கு வழியாக வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பூனை ஹூனைதான்.

மேரி பக்கத்தில் போய் உட்கார்ந்து தாளைப் புரட்டினேன். நல்லவேளை, அங்கே ஒரு பூனை இருந்தது.

"ஹூனை," என்று சத்தமாகப் படித்தேன்.

மேரி என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள்.

"ஐயோ மிஸ், அது பூனை! குடுங்க, நானே படிக்கிறேன்."