சீதனப் பனைகளுக்கு மேலால்

வெள்ளைக்காரன் ஆண்ட யுத்த காலத்தில் மயிலிட்டிக்குத் தெற்கே எங்கள் செம்மண்ணைச் சமன் செய்து விமானம் இறங்க ஓர் ஓடுபாதை போட்டார்கள். அதன் தென்மேற்கு முனையில் எங்கள் புகையிலைத் தோட்டம். எல்லையில் ஒரு வரிசைப் பனை. தோட்டமும் பனையும் என் மனைவியின் சீதனம். அங்கே என்னுடையது என்று சொல்ல என் நிழல் மட்டும்தான்; அதுவும் மத்தியானத்தில் இருக்காது.

ஒருநாள் படைமுகாமில் துரைமாருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கிளாக்கர் இரண்டு ஆட்களோடு வந்தார். பனைகளில் சிவப்பு வளையம் பூசினார்கள்.

"உதெல்லாத்தையும் தறிக்கப் போகினமோ?" என்றாள் மனைவி.

"இன்னும் முடிவில்லை, அக்கா. வாடைக் காத்துக்குப் பிளேன் உங்கடை தோட்டத்துக்கு மேலாலைதான் இறங்கவேணும். பனை நிக்கத்தக்கதா ஒழுங்கா இறங்கினால் விட்டிடுவினம். இல்லாட்டி தறிப்புத்தான். பெரியதுரை பாத்துச் சொல்லுவார்."

அந்தப் பனைகள்தான் எங்கள் மகளின் கல்யாணம். எந்தப் பனை மகள் வீட்டுக் கூரை வளைக்கு, எந்தப் பனை சிலாகைக்கு, எது காணியோடு அவளுக்குப் போவது என்று மனைவி எப்போதோ வகுத்து வைத்திருந்தாள். எனவே அன்று தொடக்கம் அந்த விமானிகள் நல்லபடி இறங்கவேண்டும் என்று அவர்களைப் பெற்ற தாய்மாரைவிட நான் அதிகம் கவலைப்பட்டேன். வெள்ளைக்காரன் விமானத்தின் சில்லு நிலத்தில் மெத்தென்று படவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த சைவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது கிணற்றுத் துலாவில் ஏறி மிதிப்பது நான். கீழே தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிப்பது மனைவியின் தம்பி. துலாவின் நுனிக்கு நடந்தால் ஓடுபாதை முழுக்கத் தெரியும். விமானம் வரும் சத்தம் கேட்டால் என் கால் நின்றுவிடும்.

"அத்தான்! உங்கை என்ன கூத்துப் பாக்கிறியள்? இஞ்சை பட்டை அந்தரத்திலை தொங்குது!"

"பொறடா, உன்ரை அக்காவின்ரை பனைக்குச் சோதினை நடக்குது!"

பார்த்துப் பார்த்து நான் பெரிய வித்துவானாகிவிட்டேன். பனைக்குப் பயந்து உயர வருகிறவன் பாதி ஓடுபாதையைத் தாண்டித்தான் சில்லை வைப்பான். பிறகு மறுமுனை வரைக்கும் கிறீச்சென்று தேய்த்துக்கொண்டு போவான். இன்னொருவன் பனைக்குக் கிட்ட வந்ததும் மனம் மாறி, உறுமிக்கொண்டு மேலே எழும்பி இன்னொரு சுற்றுப் போவான். காற்று கொஞ்சம் வடக்கே திரும்பினால் எல்லாரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வருவார்கள். ஒவ்வொரு பிழைக்கும் பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காய் நேர்ந்துகொள்வேன்.

ஒருவன் மட்டும் வேறு. சத்தத்தைக் குறைத்து, அவசரமில்லாத மாட்டுவண்டில் போல வருவான். இரண்டு நெட்டைப் பனைகளுக்கு நடுவே இடது செட்டையைச் சரிப்பான். ஓலை சலசலக்கும். பனை கடந்ததும் நிமிர்ந்து, நிலத்துக்கு நோகாமல் சில்லை வைப்பான். சீதனக் காணிக்கு மேலால் ஒழுங்காக வருகிறவன் என்பதால் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன்.

"உங்கடை மாப்பிள்ளை வந்திட்டாரோ?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"வந்திட்டார். ஒரு ஓலைகூட முறியேல்லை."

ஒருநாள் மாப்பிள்ளை நேரிலேயே வந்துவிட்டான். பனைகளுக்கு நடுவால் சரிந்து வருகிறவன் தான்தானாம்; அவற்றைக் கீழேயிருந்து பார்க்கவேண்டுமாம். கிளாக்கரும் கூட வந்தார். மாப்பிள்ளை மீசை சரியாக முளைக்காத பொடியன். அவித்த பனங்கிழங்கு கொடுத்தோம். எறியவேண்டிய பீலியையும் சேர்த்து மென்று விழுங்கினான். அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் கதைத்தான்.

"என்னவாம்?" என்று கிளாக்கரைக் கேட்டேன்.

"பனைக்கு அங்காலை நிலம் தெரியாதாம், அண்ணை. ஒரு நொடி பிந்தினால் எல்லாம் பிழையாப் போமாம். ஆனால் சரியா வந்திட்டால் அண்டைக்கு முழுக்கச் சந்தோசமாம். உப்பிடியொரு இறக்கம் தான் வேறை எங்கையும் காணேல்லையாம்."

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. "அப்ப உதைப் பெரியதுரையிட்டைச் சொல்லச் சொல்லுங்கோ, தம்பி! உந்தப் பனை தனக்கு விருப்பமெண்டு வடிவாச் சொல்லச் சொல்லுங்கோ!"

"கட்டாயம் சொல்லுறாராம்."

சொன்னான். அதிலே அவனைக் குறைசொல்ல முடியாது.

அடுத்த கிழமை கோடாலிகள் வந்தன. நான் ஓடிப்போய்க் கிளாக்கரின் சட்டையைப் பிடிக்காத குறை.

"மாப்பிள்ளை சொல்லேல்லையோ?"

"சொன்னவர், அண்ணை. பக்கத்திலை நிண்டு கேட்டனான். 'இவ்வளவு கஷ்டமான இறக்கம் வேறை இல்லை, அதாலைதான் எனக்கு விருப்பம்' எண்டவர். பெரியதுரைக்குக் கஷ்டம் எண்ட ஒரு சொல்லே போதுமாப்போச்சு. உடனை தறிக்கச் சொல்லிப்போட்டார்."

பனைகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. மரங்களைப் பதுங்குகுழிக்கு மூடியாகப் போடப் படையே ஏற்றிக்கொண்டு போனது. மனைவி அழவில்லை. விழுந்த ஓலைகளை வேலிக்கு இழுத்து அடுக்கினாள்.

"பனையைக் காட்டித்தான் என்னை உங்களுக்குப் பேசினவை" என்றாள்.

"இப்ப என்ன, கொப்பரிட்டைத் திருப்பி அனுப்பட்டோ?"

"அங்கை மட்டும் பனை நிக்குதோ?" என்றாள். அவள் தகப்பன் வளவையும் அதே ஓடுபாதை விழுங்கியிருந்தது. நானும் ஓலை இழுக்கத் தொடங்கினேன்.

அதன் பிறகு விமானங்கள் நேராக, சுமையேற்றிய வண்டில் சந்தைக்குப் போவது போல இறங்கின. எல்லாம் ஒரே மாதிரி. எதில் மாப்பிள்ளை இருக்கிறான் என்று துலாவின் நுனியில் நின்று பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

மகளுக்குக் கல்யாணம் பேசி அளவெட்டியிலிருந்து வந்தார்கள். பையனின் தகப்பன் முதலில் காணியைப் பார்க்கவேண்டும் என்றார். அடிக்கட்டைகளைச் சுற்றி நடந்தார். "பனையள் நிக்குதெண்டெல்லோ தரகர் சொன்னவர்?" என்று கேட்டார். அந்த நேரம் தலைக்கு மேலால் ஒரு விமானம் போய்ப் பிசகில்லாமல் இறங்கியது.

"அட, என்ன வடிவா இறங்கிறான்!" என்றார் அவர், கையை நெற்றியில் வைத்து.

"ஓம். இப்ப ஆரும் இறங்கலாம்" என்றேன்.

தேத்தண்ணி குடித்தார்கள். பெண்ணைக் கூப்பிடச் சொல்லாமலே எழும்பினார்கள்.