மூன்று மாடும் ஒரே வாளியும்

பால் விலை இறங்கிய மாதம், கறுப்புப் பசுவை விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். ‘செய்தோம்’ என்று எழுதுவது நியாயமில்லை. செய்தவன் நான். என் மனைவி, “உங்க கணக்கு என்ன சொல்லுதோ அதச் செய்யுங்க” என்றாள். அவள் அப்படிச் சொன்னால் சம்மதமில்லை என்று பொருள்.

எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடியிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் இருக்கிறது. ஓர் அரசு அலுவலகத்தின் பண்டகசாலையில் முப்பத்தொரு வருடம் ஆணியும் போல்ட்டும் எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் மூன்று மாடுகள். கன்று போட்டு இரண்டு மாதமான கறுப்பு, ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர். சினையாகிப் பால் குறைந்துகொண்டிருந்த சிவப்பு, மூன்று லிட்டர். இன்னும் சினை பிடிக்காத கிடேரி, கத்துவதோடு சரி. மாடுகள் அவளுடையவை. அவற்றைப் பற்றிய கவலை என்னுடையது.

பத்து நாள் பால் பணத்தில் ஒன்பது நாள் பணம் தீவனக் கடைக்கே போயிற்று. கறவையில் இருக்கும்போது விற்றால்தான் நல்ல விலை கிடைக்கும், மற்ற இரண்டும் பின்னால் போகட்டும் என்று கணக்குப் போட்டேன். மாட்டுத் தரகு பார்க்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, உடனே ஆள் பிடித்துவிட்டான்.

“மாமா, ஆளு ரெடி. பணம் பொரட்ட ஒரு மாசம் டைம் கேக்குறாரு. அதுக்குள்ள மாடு எளச்சிடாம பாத்துக்குங்க.”

அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. மாடு இளைத்தால் விலை குறையும். மறுநாள் முதல் தீவனம் வைக்கும் நேரத்தில் கொட்டகையில் போய் நிற்க ஆரம்பித்தேன். அத்தனை வருடத்தில் அப்படி நின்றதில்லை. மூட்டை வருவதை எண்ணியிருக்கிறேன், பால் போவதை எண்ணியிருக்கிறேன். எந்த வாய்க்கு எவ்வளவு போகிறது என்று பார்த்ததே இல்லை.

அவள் ஒரு நீல வாளியில் தீவனத்தை அள்ளி மூன்று தொட்டியிலும் ஆளுக்கொரு வாளி போட்டாள். வாளியை வாங்கி ஸ்பிரிங் தராசில் மாட்டினேன். இரண்டரை கிலோ. மாலையும் அதே. ஆக மாட்டுக்கு ஐந்து கிலோ, மூன்றுக்கும் பதினைந்து.

“கிடேரிக்கும் அதே வாளியா?”

“பந்தியில ஒக்கார வச்சிட்டு ஓரவஞ்சன பண்ணுவாங்களா?”

“அது ஒரு சொட்டுப் பால் குடுக்கலியே.”

“நீங்ககூடத்தான் ரிட்டயராயி எட்டு வருஷம் ஆவுது. சோத்தக் கொறச்சிட்டனா?”

நேரே கால்நடை மருத்துவரிடம் போனேன். உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ, அதற்குமேல் கறக்கும் லிட்டருக்கு அரைக் கிலோ, ஆனால் சட்டென்று மாற்றாதீர்கள், பத்து நாளில் மாற்றுங்கள் என்றார். எங்கள் மாடுகளுக்கு அதைப் பொருத்திப் பார்த்தேன். கறுப்புக்கு ஆறு, சிவப்புக்கு மூன்று, கிடேரிக்கு ஒன்றரை. மொத்தம் பத்தரை. அப்படியென்றால் கிடேரி மூன்றரை கிலோ அதிகமாகத் தின்றுகொண்டிருக்க, நான் விற்கக் கிளம்பிய கறுப்புக்கோ தினம் ஒரு கிலோ குறைவு. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாற்றத் தொடங்கிய முதல் நாளே ரகளை. கிடேரி தன் பங்கை ஒரு நொடியில் நக்கிவிட்டு, கயிற்றை இழுத்துக் கறுப்பின் தொட்டியில் தலையை விட்டது. தொட்டி கவிழ்ந்து இரண்டு கிலோவுக்கு மேல் சாணத்தில் போயிற்று. மேலாகக் கிடந்ததைக் கையால் அள்ளப் பார்த்தேன்.

“ஒண்ணு பாத்திட்டிருக்க ஒண்ணு திங்கக் கூடாது. கண்ணு படும்” என்றாள். பிறகு அவளே முளைக்குச்சியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு போய், சிவப்புக்கும் கிடேரிக்கும் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் முளையடித்துக் கட்டினாள். அங்கிருந்து கறுப்பு தெரியாது. முதலில் பசும்புல், உளுந்து அடித்தபின் மிஞ்சிய பொட்டு, கடலைக்கொடி என்று வயிறு நிறையப் போட்டு, அதன் பிறகே அளந்த தீவனத்தை வைத்தாள். கிடேரி கத்துவதையே மறந்துவிட்டது. என் கணக்கு அவளுடைய முளைக்குச்சியால்தான் நடந்தது.

ஏழாம் நாள் கறுப்பு ஒன்பதரை லிட்டர் கறந்தது. நம்பாமல் இரண்டு முறை அளந்தேன். பதினைந்தாம் நாள் பத்து. இருபத்தெட்டாம் நாள் பத்தரை. சிவப்பு மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. அவள் தினமும் கிடேரியின் விலாவைத் தடவிப் பார்த்தாள், நான் ஏமாற்றுகிறேனோ என்று. ஓர் எலும்புகூடக் கூடுதலாகத் தட்டுப்படவில்லை. வழக்கமாக மாதம் ஒன்பது மூட்டை தீரும். இந்த மாதத்தில் ஏழாவது மூட்டையே முழுதாகத் தீரவில்லை.

முப்பதாம் நாள் காலை மச்சான் ஆளோடும் மினி லாரியோடும் வந்து இறங்கினான். வந்தவர் கறவையைப் பார்த்தார். பேசிய விலைக்கு மேலே இரண்டாயிரம் தருகிறேன் என்றார்.

“அக்கா, கயித்த அவுத்து வுடு” என்றான் மச்சான்.

அவள் அசையவில்லை. என்னைப் பார்த்தாள்.

“மாடு விக்கிறதுக்கு இல்ல” என்றேன். “என் கணக்குல தப்பு.”

“இதக் கேக்கவா மாமா வண்டி வச்சிகினு வந்தோம்?” என்று மச்சான் தலையில் கை வைத்தான். ஆனால் வந்தவர் கோபப்படவில்லை. அவர் வீட்டிலும் நான்கு மாடாம். எதற்கு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டார். தராசை எடுத்துவந்து, வாளியை மாட்டி, ஒவ்வொரு மாடாக விளக்கத் தொடங்கினேன். வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் அவரை அழைத்துப்போய் முளைக்குச்சி அடித்த இடத்தை அவள் காட்டினாள்.

“மாமா, வெயிட்டிங் ஜாஸ்தி ஆவுது. வாடகை ஏறுது.”

“ஏறட்டும்” என்றேன்.

அந்த வாடகையை நான்தான் கொடுத்தேன். பேரம் பேசவில்லை.