கண் கொடுக்க ஒரு பெரட்டு

எழுபதுகளின் கடைசியில், நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, தேயிலைச் செடியின் வாது ஒன்று தெறித்து என் வலது கண்ணில் குத்தியது. புண் ஆறியது, கருவிழியில் வெள்ளை விழுந்துவிட்டது. இடது கண் சிறு வயதுக் காய்ச்சலிலேயே மங்கியிருந்தது. பத்தொன்பது வயதில் எனக்கு மனிதர்கள் எல்லாரும் வெறும் நிழல்தான்.

வேறொருவரின் கருவிழியை வைத்துத் தைத்தால் பார்வை வரும் என்றார்கள். அதற்கு நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல். அதை வைத்திருந்தது கண் டாக்டர்மாரின் சங்கம். சங்கத்து டாக்டர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், மாதம் ஒரு ஞாயிறு அட்டனுக்கு வந்து ஒரு மண்டபத்தில் எங்களைப் பார்ப்பார்.

அப்பாவுக்குச் சிபாரிசில் அபார நம்பிக்கை. தோட்டத்தில் கூரைத் தகரம் மாற்றக்கூட யாராவது எழுதித் தர வேண்டுமே! யூனியன் தலைவர், பெரிய கிளாக்கர், கோயில் ஐயர், மாதா கோயில் சாமியார் என்று ஒருவரையும் விடாமல் கடுதாசி வாங்கிக்கொண்டு போனார். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்து, மடித்து, அப்பா கையிலேயே கொடுத்தார்.

“ஐயா, இது ஒண்டும் எங்கட சங்கத்திலை செல்லாது. மந்திரி எழுதினாலும் இதே கதைதான். பிள்ளையின்ரை பேர் பட்டியலிலை இருக்கு, முறை வரும். கண் குடுக்கிற ஆக்கள்தான் காணாது. பேர் குடுக்க ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, எல்லாருக்கும் கெதியாக் கிடைக்கும்.”

அப்பா காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது.

அடுத்த மாதம் எங்கள் லயத்தில் குடியிருந்த அத்தனை குடும்பமும் அட்டனுக்கு பஸ் ஏறியது. எல்லாரும் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். என்னோடு மூன்று மாதமாகப் பேசாத பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அத்தைகூட வந்தார். ஆனால் பஸ்ஸில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாட்டில்லாமல் எங்கள் ஆட்கள் பஸ்ஸில் போனது அன்று ஒரு நாள்தான்.

மண்டபத்தில் வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் அப்பா. டாக்டர் மகிழ்ந்துபோய், பேர் எழுதும் அட்டையை நீட்டினார்.

“எந்தக் கண்ணுங்கய்யா எடுப்பீங்க?” என்றார் அப்பா.

“என்ன?”

பின்னாலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். “எனக்கு எடது கண்ண எடுத்துக்கங்க டாக்டரய்யா. கொழுந்துக்கு வலதுதான் நல்லாத் தெரியுது. நாளைக்கே வேலைக்குப் போகலாமுங்களா?”

எங்களுக்குப் பேர் கொடுப்பது என்றால் பெரட்டுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தால் அன்றைக்கே வேலை. கண்ணுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

டாக்டர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். “ஐயோ அம்மா! செத்தாப் பிறகுதான் எடுக்கிறது! உயிரோடை இருக்கிற ஆரின்ரை கண்ணையும் நாங்கள் தொடமாட்டம்!”

“செத்தப்பறமா?” என்றார் அத்தை. “அட, இதுக்கா நேத்துலருந்து எனக்குச் சோறு எறங்கல! அப்ப ரெண்டையுமே எடுத்துக்கங்க!”

சிரிப்பில் மண்டபம் இடிந்து விழாத குறை. முண்டியடித்துக்கொண்டு கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். ஒருவர் வராத மாமியாருக்கும் சேர்த்து அட்டை கேட்டார். திரும்பும்போது பஸ்ஸில் சீட்டைத் தட்டித் தட்டி ஒரே பாட்டு. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே எடுத்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அந்த வரிசையால் என் முறை ஒரு நாள்கூட முந்தவில்லை. சங்கம் சங்கம்தான். மறுவருடம் பட்டியல்படியே தந்தி வந்தது, கொழும்பில் ஆபரேஷன் நடந்தது. கண் கொடுத்தவர் யார் என்று கேட்டேன், சொல்லமாட்டோம் என்றார்கள்.

கண்ணின் கட்டை அவிழ்த்தபோது அப்பா எதிரே நின்றார்.

“தெரியுதா?” என்றார்.

தெரிந்தது. எனக்காகப் பிடுங்கிக் கொடுக்க வந்த அந்தக் கண்களில் நீர் முட்டி நின்றது. அழக்கூடாது என்று நர்ஸ் என்னைத்தான் அதட்டினார்.