மக்கும் பை மக்கிவிட்டதாம்

காலை எட்டே முக்காலுக்கு விழுப்புரத்தில் சென்னை வண்டி ஏறினேன். திண்டிவனத்துக்கு முப்பது ரூபாய்ச் சீட்டு. நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏறும்போதே எரிச்சல். கல்லூரியில் எனக்கு ஜூனியரான ஸ்டெல்லா, கிளியனூரில் மக்காச்சோள மாவிலிருந்து மக்கும் பை தயாரிக்கிறாள். முந்தின நாள் போனில், "திண்டிவனத்து ஓட்டல்காரரு பையெல்லாம் பிஞ்சி போச்சின்னு திருப்பறாருண்ணே. அவரும் போனா மெஷினை நிறுத்த வேண்டியதுதான். நீங்க வந்து பேசுங்க" என்றாள். கோபக்காரனைத் தூதுக்கு அழைப்பவளை என்ன சொல்ல!

கூட்டேரிப்பட்டில் வண்டி நின்றது. முன் சீட்டுக்காரர் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, வாங்கித் தின்று, தோலைக் கவரோடு ஜன்னல் வழியே வீசினார்.

"ஏங்க, ரோட்டுல போடறீங்களே?"

"தோலுதானே சார், மக்கிடும்."

"கவரு?"

"அதுவும் ஒரு நாளு மக்காமலா போவும்?"

சாலையோர முள்செடிகள் முழுக்க அந்த ஒரு நாளுக்காகக் கவர்கள் காத்துக் கிடந்தன.

பத்து மணிக்குத் திண்டிவனம். பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த ஸ்டெல்லாவோடு ஓட்டலுக்கு நடந்தேன். கல்லாவில் இருந்த முதலாளி ஒரு பைக்கட்டை எடுத்து எங்கள் முன் போட்டார்.

"தொட்டா அப்பளமா நொறுங்குது. சாம்பாரு கஸ்டமர் பேன்ட்டுல கொட்டி ஒரே பேஜாரு. மானம் போச்சும்மா."

"எங்கண்ணா வச்சிருந்தீங்க?"

மேலே கை காட்டினார். அடுப்புக்கு நேர் மேலே பரண். மழைக்காலம் முழுக்கப் பைகள் அங்கே இட்லி ஆவி குடித்துக் கிடந்திருக்கின்றன.

"சூடு, ஈரம் படாம வைங்கன்னு அன்னிக்கே சொன்னேனேண்ணா. இது மக்கற பை."

"மக்கறதுன்னா மண்ணுல மக்கணும். என் கடையிலயா மக்கறது? பேருலயே மக்காச்சோளம்னு இருக்குதேன்னு நம்பிட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவர் விடவில்லை, இன்னொரு பையை எடுத்து உதறினார். பச்சை இலைப் படம், கீழே 'மக்கும் பை' என்ற எழுத்து.

"இதுவும் மக்கற பைதான் சார். போன வருஷத்து சரக்கு. அதே பரண்ல வச்சிக்கினு இருக்கேன். ஒரு ஓரம் பிரியல."

"யோவ், அது மக்கவே மக்காதுய்யா! பச்சை மை அடிச்ச பாலிதீன்!" கத்தியே விட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"அதான் சார் நானும் சொல்றேன். நல்ல சரக்கு."

செவிடன் காதில் ஊதிய சங்கு. பொய் எழுதியவனுக்கு வியாபாரம். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பைக்குக் கெட்ட பெயர். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"விடுங்கண்ணே. இன்னியோட மெஷினை நிறுத்திடறேன்."

வண்டி ஏறும்போது புதுப் பைகளில் ஒரு கட்டை என் கையில் திணித்தாள். வழியெல்லாம் அந்த முதலாளியை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். நம் வீடு அப்படியில்லை என்ற இறுமாப்பும் இருந்தது.

வீட்டில் என் மனைவி ஒரு பையை வாங்கி, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.

"நல்லாதாங்க இருக்குது. எத்தினி வருஷத்துக்குத் தாங்கும்?"