கவிழ்ந்த பானகம்

பிரிஞ்சாங் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "சார், நம்ம அஞ்சலை அக்கா போயிட்டாங்க சார்." கையில் எடுத்த முட்டைக்கோசை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் புறப்பட்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர் அஞ்சலை அக்கா. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, கையுறை இல்லாத காலத்திலேயே களைக்கொல்லி அடித்தவர். பம்பு ஒழுகி முதுகுத் தோல் உரியும். விரல் நகங்கள் கழன்று விழுந்தன. சில திரும்ப முளைக்கவில்லை. கடைசியில் அவரைப் படுக்கவைத்த சிறுநீரகக் கோளாறு அதனால்தானா என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். அந்த விரல்களை மட்டும், இன்று அவரை நினைக்கக் கூடியிருக்கும் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

மருந்து தீர்ந்த தோம்புகளை, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கழுவி, வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பது அப்போது நம் லயத்தில் வழக்கம். நல்ல கெட்டியான தோம்பை யார் எறிவார்கள்? அக்கா மட்டும் காலியான ஒவ்வொன்றின் அடியிலும் கூரான கம்பியால் குத்திவிடுவார்.

"அக்கா கண்ணுல குடத்தைக் காட்டாதீங்க, அதுக்கும் ஓட்ட போட்டுருவாங்க லா!" என்று இளைஞர்கள் சீண்டுவார்கள்.

"ஒன் வாயத் தைக்கத்தான்டா ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்!" என்பார்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் ஓர் உதாரணம் சொல்வேன்: கருவாடு வைத்த டப்பாவில் பால் ஊற்றிக் குடிப்பீர்களா? அதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்தார். "கருவாடுன்னா மூக்கு காட்டிக் குடுத்துரும் சார். இது காட்டிக் குடுக்காது."

அம்மன் திருவிழாவை மறந்திருக்கமாட்டீர்கள். அக்காவின் தம்பி முனியாண்டி கோலா தெர்லாவில் தக்காளி போட்டு, முதல் நல்ல விளைச்சலுக்கு நேர்த்திக்கடனாகப் பானகம் கொண்டுவந்திருந்தான். பெரிய நீலத் தோம்பு நிறைய. பிள்ளைகள் குவளையோடு வரிசையில் நின்றார்கள். அக்கா தோம்பைப் பார்த்தார். தம்பியின் கொட்டகையில் மருந்து கலக்கிய அதே தோம்பு.

"முனியாண்டி, இது கொட்டாயில இருந்ததுதானே?"

"மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவுனேங்க்கா! சாமி காரியம், பேசாம இருங்க."

அக்கா இரு கைகளாலும் தோம்பைச் சாய்த்தார். பானகம் முழுவதும் செம்மண்ணில் ஓடியது. ஒரு பிள்ளையும் குடித்திருக்கவில்லை. ஊரே திட்டியது. சாமிக்கு வந்ததைக் கொட்டியவள் என்றார்கள். முனியாண்டி அழுதுகொண்டே லாரியில் ஏறிப் போனான். அதன்பின் அவன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பிறகு ஒருநாள், வருத்தமில்லையா என்று கேட்டேன். "இருக்கு சார். நான் வளத்த புள்ள அவன். ஆனா அவன் கோவம் என்னைக்காவது எறங்கும். புள்ளைங்க வயித்துக்குள்ள எறங்குனத யாரு எடுக்குறது?"

கோபம் இறங்கியதை அவர் பார்க்கவில்லை.

இழவு வீட்டுக்கு முனியாண்டி வேலைத்தலத்திலிருந்து நேராக வந்திருந்தான். சேறு அப்பிய காலோடு அக்காவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். வெளியே அவன் லாரியின் பின்புறம் காலித் தோம்புகள் கிடந்தன. அருகில் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றின் அடியிலும் ஓட்டை.

"எப்போதிருந்து தம்பி?" என்றேன்.

"திருவிழா முடிஞ்ச மறுநாள்ல இருந்து சார். அக்காகிட்ட சொல்லத்தான் வாய் வரல."

எத்தனையோ பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன். அம்மன் வாசலில், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, தான் வளர்த்த தம்பியின் முகத்துக்கு நேரே, நடுங்காமல் தோம்பைச் சாய்த்த நகங்கள் உதிர்ந்த அந்த இரு கைகளைப் போல எதுவும் என்னை வாயடைக்கச் செய்ததில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கைகளைத்தான்.