முயலுக்கு நான் வைத்த விரதம்

பக்கத்து வீட்டுக்காரர்கள் சென்னைக்கு மாற்றலாகிப் போனபோது அவர்களுடைய வெள்ளை முயலை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மதுக்கரை வீட்டில் நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். கூட ஒரு உயிர் இருக்கட்டுமே என்று வாங்கிக்கொண்டேன்.

வந்த அன்று சாயங்காலம் வைத்த அருகம்புல் மறுநாள் காலையிலும் அப்படியே கிடந்தது. கேரட்டை நறுக்கி மூக்கருகே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று கிருத்திகை. முருகனுக்கு விரதம் இருக்கிற நாளில் எனக்கு வயிறும் மனசும் லேசாகிவிடும். என் பிறந்த வீட்டுத் தோட்டத்தில் ஆடு தின்னாமல் நின்றால் அப்பாவும் ஒரு வேளை தீனியை நிறுத்திவிடுவார், மந்தம் தெளிந்துவிடும். இதற்கும் அதுதான் என்று நினைத்து, கூண்டிலிருந்த புல்லை எடுத்து வெளியே போட்டுவிட்டேன். இன்றைக்கு நாம் இரண்டு பேரும் விரதம் என்று அதனிடம் சொல்லவும் செய்தேன்.

மத்தியானம் பார்த்தால் மூலையில் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. காதைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. ஒரு கூடையில் துண்டை விரித்து அதை வைத்து, வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் கால்நடை டாக்டரம்மாவிடம் போனோம். வழியெல்லாம் முருகா என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

கடைசியாக எப்போது புழுக்கை போட்டது என்று டாக்டரம்மா கேட்டார். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்தே நான் பார்க்கவில்லை. புல்லை எடுத்துப் போட்டதையும் மறைக்காமல் சொன்னேன்.

"ஆட்டுக்குச் சரிங்கம்மா. முயலுக்குக் குடல் ஓடிட்டே இருக்கோணும். நின்னுபோச்சுன்னா உசுரு தங்காதுங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். புது இடத்துப் பயத்தில் முதலில் தின்னாமல் விட்டிருக்கும் என்றார். ஊசி போட்டு, தீனியை வெந்நீரில் கரைத்து சிரிஞ்சில் கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார். புழுக்கை விழுந்தால் பயமில்லையாம்.

வீட்டிலேயே சத்தமில்லாத இடம் பூஜை அறைதான். அங்கே கூண்டைத் திறந்து வைத்து, மடியில் போட்டுப் புகட்டினேன். பாதி உள்ளே போனது, பாதி என் புடவையில். என்னுடைய விரதத்துக்கு வாயில்லாத ஒன்றைப் பலி வாங்கிவிடாதே என்று முருகனைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"குடி அம்மணி. ரெண்டு பேருத்துக்கும் சிரிஞ்சுல ஊத்த என்னால ஆகாது."

டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் சிரிஞ்சை எடுத்தேன்.

சாயங்காலம் விளக்கேற்றத் திரியைத் தூண்டும்போதுதான் பார்த்தேன். சாமி அலமாரிக்குக் கீழே மிளகு மாதிரி ஐந்து புழுக்கை. தினமும் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைக்கிற தரை அது. ஒரு முடி கிடந்தாலும் பொறுக்கமாட்டேன்.

"ஏனுங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, போய் அந்தப் பாலைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார். அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் நான் துடைக்கவில்லை.